தண்ணீரில் வைத்த கல்

காலையில் எழுந்ததும் பஞ்சக்காவுக்கு முதல் வேலை அலமாரியின் நடுத்தட்டில் இருக்கும் கண்ணாடி ஜாடிதான். முகம்கூடக் கழுவாமல் அதை எடுத்து, வாயில் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்து, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். ஒரு விரற்கடை குறைந்திருந்தால் ஒரு விரற்கடை ஊற்றுவாள். குறையாவிட்டாலும் பேருக்கு இரண்டு சொட்டு. துணியைக் கட்டி, ஜாடியைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் அவள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

ஜாடிக்குள் மீனும் இல்லை, செடியும் இல்லை. ஒரு கல். உள்ளங்கையில் அடங்குகிற கருங்கல் துண்டின் மேல், ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும் வெளிர்சிவப்புக் குச்சிகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் அதைவிட அழகான கற்களை ஆட்கள் கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"மூடி போட்ட ஜாடியா வாங்கிட்டா தண்ணி வத்தாதுல்ல அக்கா? தினம் ஒரு வேலை மிச்சம்" என்று தம்பி மனைவி வந்த புதிதில் சொல்லிப் பார்த்தாள்.

"பாக்கலாம்" என்றாள் பஞ்சக்கா. அவள் சொல்கிற 'பாக்கலாம்' என்பதற்கு அர்த்தம் என்ன என்று தம்பி மனைவிக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். அந்த வேலையை மிச்சம் பிடிப்பதில் பஞ்சக்காவுக்கு இஷ்டமே இல்லை. அவளுக்கு வேண்டியதே அந்த வேலைதான்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஊர் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எந்தக் காலத்திலோ பூமி கக்கிய நெருப்புக் குழம்பு ஆறி இறுகிய மலை அது. அடுப்பில் பசை காய்ச்சும்போது குமிழி குமிழியாகக் கிளம்புமே, அந்த மாதிரிக் குழம்பிலும் குமிழி கிளம்பியிருக்கிறது. வெளியே வருவதற்குள் குழம்பு இறுகிவிட, குமிழிகள் பொந்துகளாக உள்ளேயே மாட்டிக்கொண்டன. அப்புறம் மலைக்குள் கசிந்த தண்ணீர், வழியில் கரைத்துக்கொண்டு வந்த உப்பையெல்லாம் அந்தப் பொந்துகளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவசரம் இல்லாத வேலை. பொந்தின் சுவரெல்லாம் பூப்பூவாக, ஊசி ஊசியாக, விசிறி விசிறியாகக் கல் முளைத்திருக்கும். வெளிச்சமே படாத இடத்தில் அவ்வளவு அழகு யாருக்காக என்று கேட்டால் மலை பதில் சொல்லாது.

அந்த மலையை உடைத்துச் சாலைக்கு ஜல்லி போடுவதுதான் ஊரின் பிழைப்பு. ஜல்லிக்குப் பாறையைத் துளைக்கும்போது பொந்து தட்டுப்படும். அதில் வருகிற கல்லை வாங்கிக் கழுவி, பெட்டியில் கட்டி, தூரதேசத்துக்கு அனுப்புகிற கிடங்கு ஒன்று சந்தை ரோட்டில் இருக்கிறது. தகரக் கூரை. முன்பக்கம் கழுவும் தொட்டி, பின்பக்கம் முதலாளியின் மேசை, நடுவில் ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் பஞ்சக்காவின் பலகை. பலகையைச் சுற்றி மூட்டை மூட்டையாகப் பஞ்சு. வேலை முடிந்து வெளியே வந்தால் தலைமுடி, புருவம், காதோரம் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்படி வந்த பெயர்தான். தாய் தகப்பன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் திரும்புவாள்.

கல்லைக் கட்டுவது என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். விசிறிக்கல் என்றால் பிரமாதம் இல்லைதான். மெல்லிய காகிதத்தைக் கசக்கி இடுக்குகளில் செருகி, மேலே பஞ்சு சுற்றி, பெட்டியில் அசையாமல் இறுக்கிவிட்டால் போதும். ஊசிக்கல் வந்தால்தான் சங்கதி தெரியும். முடியைவிட மெல்லிய ஊசிகள், பந்து மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். பஞ்சு பட்டால் போச்சு. பிரித்து எடுக்கிறபோது பாதி ஊசி பஞ்சோடு போய்விடும். அதனால் அடியில் இருக்கும் பாறையை மட்டும் நூலால் பெட்டியின் அடியில் கட்டி, ஊசிகள் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி விட வேண்டும். பஞ்சக்கா கட்டிய பெட்டியிலிருந்து ஒரு ஊசி உடைந்தது என்று இதுவரை புகார் வந்ததில்லை. முதலாளி இதைப் பற்றி அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதும் இல்லை. விற்கிற பொருள் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவருக்குச் சுவர்.

அவளுக்குக் கல்யாண வயது நடந்துகொண்டிருந்தபோதுதான் மெதுவாக்காரர் கிடங்குக்கு வர ஆரம்பித்தார். குவாரியில் துளைபோடும் எந்திரம் பிடிக்கிற ஆள். நாள் முழுக்கக் காதடைக்கிற சத்தத்தில் வேலை செய்கிறவர் பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே பாதிதான் கேட்கும். யார் கல்லைக் கையில் எடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

அந்தக் குவாரியில் ஒரு வழக்கம் உண்டு. பொந்து திறந்தால், அதற்குள் முதலில் கை விட்டவனுக்குத்தான் உள்ளே இருக்கிற கல். மற்ற ஆட்கள் கையை விடுவார்கள், கடப்பாரையையும் விடுவார்கள்; வந்த வரைக்கும் லாபம் என்று சாக்கில் அள்ளிக்கொண்டு வருவார்கள். இவர் மட்டும் சாப்பாட்டு நேரமெல்லாம் பொந்துக்கு முன்னால் குந்திக்கொண்டு சிற்றுளியால் சுற்றிலும் செதுக்கிக்கொண்டிருப்பார். எடுத்த கல்லைச் சுற்ற வேறு துணி கிடைக்காமல் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு, பனியனோடு சந்தை ரோடு முழுக்க நடந்து வருவார்.

"சட்டை போட்டுக்கிட்டு வர்ற கல்லை இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்களுக்கு இல்லையா சட்டை?" என்றாள் பஞ்சக்கா முதல் நாள்.

அவர் காது மடல் சிவந்துவிட்டது. "இதுக்குக் குளிரும்ல" என்றார்.

அவ்வளவுதான். கழுவும் தொட்டியருகே இருந்த இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் வருவதற்கு முன்னாலேயே பஞ்சக்கா பலகையைத் துடைத்து வைத்துவிடுவாள். அவர் வருவார், கல்லை வைப்பார், அது எந்தப் பொந்தில் எப்படி இருந்தது என்று இரண்டு வாக்கியம் சொல்வார், முதலாளி கொடுப்பதை எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். போக மனசில்லாமல் ஜன்னலில் சாய்ந்துகொண்டு அவள் கட்டுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். கெட்டிக்காரி, அவளும் அன்றைக்கென்று பார்த்து ஊசிக்கல்லை எடுப்பாள். கட்டி முடிக்க நேரமாகும்.

இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசித் தொலைத்திருக்கலாம். பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் கல்லோடு வரவில்லை, ஜாடியோடு வந்தார். விளிம்பு சிதைந்து மூடி பொருந்தாத கண்ணாடி ஜாடி. உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் வெளிர்சிவப்புக் கல். சட்டையிலிருந்து கிழித்த துணியால் வாயைக் கட்டியிருந்தார்.

"இதைக் கட்ட வேண்டாம். விக்கிறதுக்கு இல்ல. உங்களுக்குத்தான்" என்றார். அவரே அதை ஜன்னல் கட்டையில், வெயில் நேராகப் படாத மூலையில் வைத்தார். "தண்ணி மட்டும் வத்த விடாதீங்க. தினம் பாத்துக்கங்க."

"கல்லுக்கு எதுக்குங்க தண்ணி? அது என்ன செடியா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கங்களேன்." ஜாடியின் துணிமுடிச்சை இழுத்து இறுக்கினார். "வடக்க ஒரு மலையில சுரங்கப் பாதை போடறாங்க. ஆள் எடுத்திருக்காங்க. நாளைக்குக் கெளம்பறேன். வேலை முடிஞ்சதும் வந்துடுவேன்."

அவள் கையில் பஞ்சு அப்படியே நின்றுவிட்டது. "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போன பிறகு ஜாடியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிடங்கில் எத்தனையோ ஆயிரம் கல் வந்து போயிருக்கிறது. எந்தக் கல்லாவது தண்ணீர் கேட்டதுண்டா? வாயைத் திறந்து 'என்னை நினைத்துக்கொண்டிரு' என்று சொல்லத் தைரியம் இல்லாத மனுஷன், தினம் நினைக்க ஒரு சாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்ன சாமர்த்தியம், இந்த வாயில்லாப்பூச்சிக்குள் இவ்வளவா என்று அந்த வாரம் முழுக்க உதட்டுக்குள் சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினாள்.

முதல் வருஷம் ஜாடி ஜன்னலிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. அன்றைக்கும் நடந்து வந்து, காவல்காரரைக் கெஞ்சிப் பூட்டைத் திறக்க வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவாள். "கல்லுக்குத் தாகமா, உனக்கா?" என்பார் காவல்காரர். அடுத்த கோடை பொல்லாத கோடை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்துக்குள் ஜாடியில் பாதி காணாமல் போனது. இங்கே வைத்திருந்தால் சரிப்படாது என்று ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். வீட்டு அலமாரி குளிர்ச்சியான மூலை. அங்கே ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைகூடக் குறையாது.

சுரங்கப் பாதை முடிந்தது என்று குவாரி ஆட்கள் சொன்னார்கள். அவர் வரவில்லை. இன்னொரு மலையில் இன்னொரு பாதை என்றார்கள். அம்மா மாப்பிள்ளை பார்த்தாள். ஒருத்தருக்குக் குரல் சரியில்லை, ஒருத்தர் நடையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, ஒருத்தர் ரொம்ப நல்லவராக இருக்கிறார், அது ஆகாது என்று பஞ்சக்கா ஒவ்வொருவரையும் தட்டிக் கழித்தாள். "உனக்கு வேணும்கிற மாப்பிள்ளையைச் செஞ்சுதான் தரணும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச காலத்தில் மாப்பிள்ளைகள் வருவது நின்றது. அதற்கும் கொஞ்ச காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்து, வந்தவளிடம் சமையலறையைக் கொடுத்துவிட்டு, அலமாரியின் நடுத்தட்டை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டாள்.

ஏக்கம் என்பது நாள் பூராவும் உட்கார்ந்து அழுவது இல்லை. பஞ்சக்கா பெட்டி கட்டினாள், சண்டை போட்டாள், சிரித்தாள், தம்பி மகளுக்குத் தலை பின்னினாள். காலையில் அந்த ஜாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கிற நேரம் மட்டும் அவளுடையது. எங்கேயோ ஒரு மலையின் வயிற்றுக்குள் ஒருத்தர் இப்போது எந்திரத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறார், அவருக்கும் நான் தண்ணீர் ஊற்றுவது தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். தலை நரைத்தபோதும் யாருக்கும் தெரியவில்லை. பஞ்சு என்றே நினைத்துக்கொண்டார்கள்.

இப்படியே போயிருந்தால் அவள் கதையைச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. போன மாதம் குவாரியின் வெடி மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். பஞ்சக்காவின் தம்பிக்குத் தண்ணீர் மோட்டாருக்குச் சுருள் சுற்றுகிற தொழில். குவாரி மோட்டார் எரிந்துபோயிற்று என்று தூக்கிக்கொண்டு வந்தவர், தம்பி பிரித்துப் பார்க்கிற வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். கண் அலமாரிப் பக்கம் போனது.

"அட, பொடிக்கல்லு!" என்று எழுந்தே வந்துவிட்டார். "இதை யாரும்மா தண்ணியில போட்டு வெச்சிருக்கிறது?"

"நான்தான், ரொம்ப வருஷமா. ஏன்?"

"இல்ல, இதை வெளிய எடுத்தா நாலஞ்சு நாள்ல நுனி வெளுத்து உதிர ஆரம்பிச்சுடும். அப்புறம் வெறும் மாவுதான். கல்லுக்குள்ளயே ஈரம் இருக்கு, காத்துப் பட்டா அது போயிடும், கல்லும் போயிடும். தண்ணியில போட்டு வெச்சா மட்டும்தான் நிக்கும். இதைக் காசு குடுத்து எவன் வாங்குவான்? நாங்க கூடை கூடையா ஜல்லியோட கொட்டுவோம்." மேஸ்திரி ஜாடியை விரலால் தட்டிச் சிரித்தார். "இத்தனை வருஷம் ஒருத்தர் காப்பாத்தி நான் பாத்ததே இல்ல. பொழுது போகலியா உனக்கு?"

பஞ்சக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

அப்படியென்றால் அவர் சொன்னது வெறும் பராமரிப்பு. மருந்துப் புட்டியில் 'குலுக்கிக் குடிக்கவும்' என்று எழுதியிருக்குமே, அந்த மாதிரி. கல் பொடியாகும், ஆகவே தண்ணீர் ஊற்று. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. குவாரியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், விற்காத கல் என்பதால் கிடங்குப் பக்கமே வராமல் போனது. அதைப் போய் அவள் தனக்கென்று சொன்ன சொல்லாக எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளைகளை அனுப்பினாள், அம்மாவை அழவிட்டாள். கூடையோடு கொட்டுகிற கல்லை ஒரு மனுஷன் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போனார் என்பதற்காக ஒரு ஆயுசை அதற்கு ஊற்றியிருக்கிறாள். இதைவிட முட்டாள் இந்த ஊரில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கம் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை எழுந்தாள், முகம் கழுவினாள், அலமாரிப் பக்கம் திரும்பாமல் வேலைக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படியே.

"அக்கா, தண்ணி ஊத்தலியா?" என்றாள் தம்பி மனைவி.

"கல்லுதானே. கெடக்கட்டும்."

தம்பி மனைவி கையில் கரண்டியோடு வந்து ஜாடியை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் இருக்கும். பஞ்சக்கா பலகையில் விசிறிக்கல் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கிடங்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பழைய மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா இறங்கினாள். பின்னால் ஒருத்தர், சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். பாறைத்தூள் நெஞ்சில் இறங்கிய மூச்சு. அந்த ஊரில் யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஆள் பாதியாகியிருந்தார். காது மடலை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"பொண்ணு வீட்டோட போயிடறோம். அங்க இடம் இல்ல. இவரு சேத்து வெச்ச கல்லு, எடுத்துக்குவீங்களான்னு கேக்க வந்தோம்" என்றாள் அந்த அம்மா முதலாளியிடம்.

முதலாளி ஒவ்வொரு கல்லாக எடுத்து உதட்டைப் பிதுக்கினார். நல்ல கல் என்றால் இன்னும் அதிகமாகப் பிதுக்குவார். பிறகு விலை பேச அந்த அம்மாவைப் பின்பக்க மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இவரால் நிற்க முடியவில்லை. ஜன்னலில் சாய்ந்துகொண்டார், பழைய இடத்திலேயே.

"நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன்." பஞ்சக்கா கல்லைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். இவர் என்றைக்காவது வந்தால் என்னென்னவோ பேச வேண்டும் என்று மனசுக்குள் பல தடவை ஒத்திகை பார்த்திருக்கிறாள். இந்த இரண்டு வாரக் கோபத்தில் அதெல்லாம் போய், ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "அன்னிக்கு எனக்கு எதுக்கு அந்தக் கல்லைக் குடுத்தீங்க? உங்க கையில எவ்வளவோ நல்ல கல்லு இருந்துச்சு. பொடியாப் போறதுதான் கெடச்சுதா எனக்குக் குடுக்க?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"நல்ல கல்லை யாரு வேணும்னாலும் வெச்சுக்கலாம். அலமாரியில போட்டு மறந்துட்டாலும் அப்படியே இருக்கும். இது அப்படி இல்ல. வேணும்னு நெனைக்கிறவங்ககிட்ட மட்டும்தான் இருக்கும்."

"அதை வாயால சொல்றதுக்கு என்ன கேடு?"

"வாய் வரலியே. திரும்பி வரும்போது கல்லு இருந்தா சொல்லலாம்னு இருந்தேன். இல்லைன்னா கேக்காமலே தெரிஞ்சுடும், உங்களுக்கும் சங்கடம் இல்லன்னு நெனச்சேன்." அவர் ஜன்னல் கட்டையைக் கையால் தடவினார். "ரெண்டு வருஷம் கழிச்சு வந்தேன். எதிர்க்க அந்த சைக்கிள் கடையில நின்னு பாத்தேன். ஜன்னல் காலியா இருந்துச்சு. நீங்க உள்ள குனிஞ்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தீங்க. சரி, பொடியாப் போச்சுபோலன்னு திரும்பிட்டேன்."

பஞ்சக்காவின் கையிலிருந்து விசிறிக்கல் பலகையில் விழுந்தது. விழுந்த சத்தத்தில் தொட்டிக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்து ஒரு கல் விழுந்து அவர்கள் பார்த்ததில்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்" என்றாள். "அந்தக் கோடையில இங்க தண்ணி நிக்கல. கூரை கொதிச்சுது. கல்லு போயிடுமோன்னு பயந்துதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்."

அவர் அவளைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துடைக்கவில்லை.

"இப்ப இருக்கா?" என்றார்.

தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. இத்தனை வருஷமும் இருந்தது. கேட்கிற அன்றைக்குத்தான் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. "இருக்கு" என்றாள்.

"அது போதும்" என்றார் அவர்.

அந்த அம்மா காகிதத்தில் சுற்றிய பணத்தோடு வந்தாள். நல்ல முகம். வெயிலில் வந்த களைப்பிலும் சிரித்த முகம். பஞ்சக்காவைப் பார்த்து, சும்மா நிற்கிற இடத்தில் பேசுகிற மாதிரி, "இதையெல்லாம் விக்க வெக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சும்மா. ஆனா ஒண்ணு, ஒருத்தருக்கும் ஒரு கல்லு சும்மா குடுத்ததில்ல இவரு. எம் பொண்ணு சின்ன வயசுல கேட்டு அழுவா. கல்லு குடுத்தா ஆகாதும்பாரு" என்றாள்.

"அப்படியா" என்றாள் பஞ்சக்கா. அந்த அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். படியிறங்கும்போது அந்த அம்மா புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இறக்கினாள். ஆட்டோ சந்தை ரோட்டில் திரும்புகிற வரைக்கும் பஞ்சக்கா ஜன்னலில் நின்றாள்.

அப்புறம் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நடந்தாள், பாதி வழியில் ஓடவே ஆரம்பித்தாள். தலையில் பஞ்சோடு ஒரு வயசான பொம்பளை ஓடுவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டு வாரம். நுனி வெளுத்திருக்கும், குச்சிகள் சரிந்திருக்கும், ஜாடியின் அடியில் மாவு படிந்திருக்கும். அவருக்கு நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது, அது மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரிக்கு ஓடினாள். ஜாடியில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நின்றது. துணி புதிதாக, கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தது. நுனியில் இரண்டு மூன்று குச்சிகள் போயிருந்தன. அடியில் சிட்டிகை வெள்ளைப் பொடி. மற்றதெல்லாம் இருந்தது. வெளிர்சிவப்பாக, ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டு, அன்றைக்கு அவர் கொண்டுவந்து வைத்த மாதிரியே.

"திட்டுறதுன்னா திட்டிக்கங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. தம்பி மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "ஒரு வாரமா நான்தான் ஊத்தறேன். மேலே நுனி வெளியில தெரிஞ்சு உதிர ஆரம்பிச்சிருந்துச்சு. உங்களுக்கு என்ன கோவமோ எனக்குத் தெரியாது. எனக்கு மனசு கேக்கல. நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தப்பல்லாம் யாரு ஊத்தினான்னு நெனச்சீங்க?"

பஞ்சக்கா அலமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா செத்தபோதுகூட அந்த வீட்டில் அவள் அப்படி அழவில்லை. தம்பி மனைவி பயந்துபோய்க் கிட்டே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு அவரு வந்தாரு" என்றாள் பஞ்சக்கா, அழுகை கொஞ்சம் அடங்கியதும்.

"எவரு?"

"தண்ணி ஊத்தச் சொன்னவரு."

தம்பி மனைவி ஜாடியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கேட்காத எல்லாம் ஒரே நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வந்து என்ன சொன்னாரு?"

"முன்னயே ஒரு தடவை வந்தாராம். ரோட்டுல நின்னு பாத்தாராம். ஜன்னல்ல ஜாடி இல்லன்னு திரும்பிப் போயிட்டாராம். நான் அதை இங்க கொண்டாந்து பத்திரமா வெச்சிருந்தேன்."

"பாவி மனுஷன்! உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவாரு?"

"நானும்தான் அவரு போகும்போது ஒரு வார்த்தை கேக்கல." பஞ்சக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாடியின் துணியை அவிழ்த்தாள். "எங்க ரெண்டு பேருக்கும் கல்லைத்தான் பாத்துக்கத் தெரிஞ்சுது."

மேசை மேலிருந்த டம்ளரை எடுத்து இரண்டு சொட்டு ஊற்றினாள். ஜாடி ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஊற்றியது விளிம்பில் வழிந்து அவள் விரலை நனைத்துக்கொண்டு தரையில் சொட்டியது. தம்பி மனைவி துடைக்கத் துணி கொண்டுவரப் போனாள்.